ஹைனான் தீவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: சான்யாவோடு நின்றுவிடாதீர்கள்

சீனாவின் தெற்குக் கோடியில் இருக்கும் ஹைனான், பரப்பில் இலங்கையின் பாதியைவிடச் சற்றுப் பெரியது. சுமார் 34,000 சதுர கிலோமீட்டர், ஒரு கோடி மக்கள். 1988 வரை குவாங்தோங் மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. அந்த ஆண்டுதான் தனி மாகாணமானது. தென்னை, பாக்கு, மா, பலா, வெற்றிலை எல்லாம் அங்கே உண்டு. சீனா என்றதும் நம் மனதில் வரும் பனியும் பெருஞ்சுவரும் மட்டும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களில் பலர் தெற்கே சான்யாவில் இறங்கி, கடற்கரை ஓட்டல் ஒன்றில் நான்கைந்து நாள் தங்கி, அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். சான்யா அழகான ஊர்தான். ஆனால் தீவிலேயே விலை அதிகமான இடமும் அதுதான். ஹைனான் மக்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பது அங்கே குறைவாகத்தான் தெரியும். ஒரு வாரம் இருந்தால் வடக்கே தலைநகர் ஹைகோவில் இறங்கி, ரயிலில் கிழக்குக் கரை வழியாகத் தெற்கே வந்து, நடுவில் மலைக்கு ஒரு எட்டு போய்விட்டு, சான்யாவிலிருந்து விமானம் ஏறுங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தத் திட்டத்தை வைத்துத்தான்.

எப்போது போவது

தீவின் நடுவில் மலை இருப்பதால் குளிர்காலத்தில் வடக்கும் தெற்கும் இரண்டு ஊர் மாதிரி இருக்கும். ஜனவரியில் சான்யாவில் வெயில் அடிக்கும், கடலில் குளிக்கலாம். அதே நாளில் ஹைகோவில் தூறலும் ஈரக் குளிரும் இருக்கக்கூடும். ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும். இந்த வெயிலுக்காகவே வடகிழக்குச் சீனாவிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர்கள் கூட்டம் கூட்டமாகச் சான்யாவுக்கு வந்து குளிர்காலம் முழுக்கத் தங்குகிறார்கள். அந்த மாதங்களில் அங்கே வடகிழக்கு வட்டாரப் பேச்சும் அவர்கள் ஊர்க் கொழுக்கட்டைக் கடைகளும்தான் எங்கு பார்த்தாலும்.

சீனப் புத்தாண்டு வாரத்தையும் அக்டோபர் முதல் வாரத்தின் தேசிய விடுமுறையையும் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகை பல மடங்கு ஏறிவிடும், ரயிலில் இடம் கிடைக்காது. நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு ஏப்ரல் தொடக்கம் வரையும் நன்றாக இருக்கும். மே மாதம் முதல் வெயில் கடுமை. ஜூன் முதல் அக்டோபர் வரை சூறாவளிக் காலம். அந்த மாதங்களில் பயணச்சீட்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் திரும்பும் தேதியில் இரண்டு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்பவர்கள் மட்டும் போகலாம்.

விசா

ஹைனானுக்குத் தனி விசா விலக்கு ஒன்று இருக்கிறது. 2018-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் 59 நாட்டவர் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம். இதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் குழம்புகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. இந்த இரண்டு பாஸ்போர்ட்டுக்கும் வழக்கமான சீனச் சுற்றுலா விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இந்த விலக்கு உண்டு. ஆனால் இந்தத் தீவு விலக்கை மட்டும் நம்பி வந்தவர்கள் தீவைத் தாண்டி குவாங்சோவுக்கோ பெய்ஜிங்குக்கோ போக முடியாது. அதற்கு அவரவர் நாட்டுக்கு என்ன விதி என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

விமானத்தை எந்த ஊர் வழியாகப் பிடித்தாலும் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால், நடுவில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி தேவைப்படலாம். இன்னொன்று: ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் சீனாவுக்குள் போய்விட்டு, இடையில் ஹாங்காங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஹைனான் திரும்ப முடியாது. ஹாங்காங் போவது நாட்டை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை: போனும் பணமும்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான், பலர் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடுவதும் இதுதான். சீனாவில் கூகுள், வாட்ஸ்அப், ஃபேஸ்புக், யூடியூப் வேலை செய்யாது. உங்கள் ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுக்கொண்டாலோ, வெளிநாட்டு நிறுவனத்தின் இ-சிம் வாங்கிக்கொண்டாலோ இணையம் உங்கள் ஊர் வழியாகவே போய்வரும். அப்போது இவையெல்லாம் திறக்கும். ஓட்டலின் வைஃபையில் திறக்காது. சொந்தச் சிம்மைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அதில்தான் வரும்.

அப்புறம் பணம். அலிபே செயலியை ஊரிலேயே இறக்கி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க மறக்க வேண்டாம். அட்டை மறுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். வீசாட் செயலியிலும் இன்னொரு வங்கி அட்டையை இணைத்து வைத்தால், ஒன்று மக்கர் செய்தால் மற்றொன்று இருக்கும். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள். அதற்குக் கீழே கட்டணம் இல்லை.

இளநீர்க் கடையில் பணம் கட்டும் விதம் இதுதான். வண்டியில் ஒரு க்யூஆர் அட்டை தொங்கும். அதை ஸ்கேன் செய்து தொகையை நீங்களே தட்டச்சு செய்து, கடைக்காரரிடம் திரையைக் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும். நம்மூர் கடைகளில் பேசுகிற அதே மாதிரிப் பெட்டி அங்கேயும் சீனத்தில் தொகையைச் சொல்லும். அவர் தலையசைத்தால் வேலை முடிந்தது. பெரிய கடையில் இது தலைகீழ்: உங்கள் போனில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை அவர்கள் ஸ்கேன் செய்வார்கள். அந்தக் குறியீட்டைத் தெரியாதவர் யாருக்கும் காட்டாதீர்கள், படம் எடுத்து அனுப்பவும் செய்யாதீர்கள்.

கையில் கொஞ்சம் பணத்தாளும் வேண்டும். 10, 20 யுவான் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் அதுதான் கைகொடுக்கும். வழிகாட்ட அமேப் வரைபடச் செயலி, டாக்சிக்கு அலிபேக்குள்ளேயே இருக்கும் தீதி, மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை இணையம் இல்லாமலும் இயங்கும்படி இறக்கி வைப்பது, இந்த மூன்றும் போதும். ஓட்டலின் பெயரும் முகவரியும் சீன எழுத்தில் இருக்கும் படம் ஒன்றை போனில் சேமித்து வையுங்கள். டாக்சி ஓட்டுநரிடம் வாய்ப்பேச்சைவிட அது நன்றாக வேலை செய்யும்.

நம்மூர் உருண்டை மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹைகோவில் இரண்டு நாள்

மேய்லான் விமான நிலையத்துக்கு அடியிலேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் உடனே ரயில் ஏறாதீர்கள். ஹைகோவின் பழைய நகரத்தில், கீழே தாழ்வாரமும் மேலே அலங்கார முகப்பும் வைத்த கடைத்தெருக்கள் இருக்கின்றன. பினாங்கையும் சிங்கப்பூரையும் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். தென்கிழக்காசியாவுக்குப் பிழைக்கப் போன ஹைனான்காரர்கள் பணத்தோடு திரும்பி வந்து கட்டியவை அவை. அதே புலம்பெயர்வில்தான் வென்சாங் ஊர்க் கோழி சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய் ‘ஹைனானீஸ் சிக்கன் ரைஸ்’ ஆனது. மூலத்தைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே கோழிதான் பிரதானம். எலும்போடு வெட்டி, தோல் மஞ்சளாக மினுங்க, அறைச் சூட்டில் வைப்பார்கள். சோற்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

மதியத்துக்கு மேல் ஹைகோவின் பழைய தெருக்களில் தேநீர்க் கடைகள் நிரம்பும். சில யுவானுக்கு ஒரு கெட்டில் தேநீரும் ரெண்டு பலகாரமும் வாங்கிக்கொண்டு, பெரியவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கெட்டிலில் வெந்நீர் திரும்பத் திரும்ப ஊற்றித் தருவார்கள். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து மேசையைக் கை காட்டி அதே பலகாரத்தைக் கேட்டாலே போதும். சிங்புலியாங் என்ற இனிப்பையும் விடாதீர்கள். குளிர்ந்த தேங்காய்ப்பாலில் பச்சைப்பயறு, சிவப்புப் பயறு, சேப்பங்கிழங்கு, தர்பூசணித் துண்டு, ஜெல்லி எல்லாம் போட்டுக் கிண்ணத்தில் தருவார்கள். சில கடைகளில் காடை முட்டையும் போடுவார்கள். வேண்டாம் என்றால் முன்னாலேயே காட்டிச் சொல்லிவிடுங்கள்.

ரயில்

தீவை முழுக்கச் சுற்றிவரும் அதிவேக ரயில்பாதை 653 கிலோமீட்டர். கிழக்குப் பாதி 2010-இலும் மேற்குப் பாதி 2015-இலும் திறந்தன. ஹைகோவிலிருந்து கிழக்கு வழியாகச் சான்யாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். 12306 என்ற அரசு ரயில் செயலியில் ஆங்கிலப் பக்கம் உண்டு. பாஸ்போர்ட் எண் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கிக் கதவு அதை வாசிக்கவில்லை என்றால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் போய் நீட்டுங்கள். பெட்டிகளை எக்ஸ்ரேயில் சோதிப்பார்கள், ஆகவே அரைமணி முன்னதாகப் போய்விடுங்கள். நிலையங்கள் பெரும்பாலும் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியே இருக்கும். அங்கிருந்து டாக்சியோ பேருந்தோ வேண்டும்.

கார் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஊரில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் உரிமம் சீனாவில் செல்லாது.

கிழக்குக் கரையில் எங்கே இறங்குவது

ஓர் இரவுக்குத்தான் நேரம் என்றால் வான்னிங்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து ரியூயே விரிகுடாவுக்குப் போகலாம். நவம்பர் முதல் மார்ச் வரை அலைச்சறுக்குக்கு நல்ல அலை வரும், கற்றுத்தரும் கடைகளும் வரிசையாக உண்டு. பக்கத்தில்தான் சிங்லோங். 1951-இல் மலாயாவிலிருந்து திரும்பிய சீனர்களைக் குடியமர்த்தத் தொடங்கிய பண்ணை ஊர் அது. பிறகு இந்தோனேசியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த காப்பியும் தென்கிழக்காசியப் பலகாரங்களும் இன்றும் அங்கே கிடைக்கும். மலேசியத் தமிழர்களுக்குச் சொந்த ஊர்க் கடைத்தெரு ஞாபகம் வரும்.

வென்சாங்கில் ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. முதல் ஏவுதல் 2016 ஜூனில் நடந்தது. நீங்கள் இருக்கும் நாளில் ஏவுதல் இருந்தால் கரையோரத்தில் கூட்டத்தோடு நின்று பார்க்கலாம், ஆனால் அறைகள் முன்னதாகவே தீர்ந்துவிடும்.

சான்யா: எந்த விரிகுடா?

அறை போடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும், ஏனென்றால் விரிகுடாக்கள் ஒன்றுக்கொன்று தூரமானவை. நகரத்தை ஒட்டிய சான்யா விரிகுடாவில் அறை மலிவு, தென்னை வரிசை நீளம், மாலை நடைக்கு நல்லது, தண்ணீர் சுமார்தான். தாதோங்ஹாய் சிறியது, கூட்டம் அதிகம், கடைகள் பக்கத்திலேயே. ரஷ்யப் பயணிகள் நிறைய வருவதால் அங்கே ரஷ்ய மொழிப் பலகைகளைப் பார்க்கலாம். குழந்தைகளோடு கடலில் இறங்க வேண்டும் என்றால் யாலோங் விரிகுடா: சுமார் ஏழரை கிலோமீட்டர் பிறை வடிவக் கரை, மணலும் தண்ணீரும் சுத்தம். ஹைதாங் விரிகுடாவில் ஆடம்பர ஓட்டல்களும் பெரிய தீர்வையில்லாக் கடையும் இருக்கின்றன, ஆனால் அலையும் இழுப்பும் பலம். அங்கே நீச்சல்குளத்தோடு நின்றுகொள்ளுங்கள். எந்தக் கரையானாலும் சிவப்புக் கொடி பறந்தால் இறங்க வேண்டாம்.

யாலோங் விரிகுடாவுக்குப் பக்கத்திலேயே யூலின் கடற்படைத் தளம் இருக்கிறது. போர்க்கப்பலையோ ராணுவ வளாகத்தையோ படம் எடுக்காதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

நகரத்துக்குள் முதல் சந்தை என்ற பெரிய மீன்சந்தை இருக்கிறது. உயிர் மீன், நண்டு, சிப்பியை நீங்களே தேர்ந்து வாங்கி, பக்கத்துக் கடையில் கொடுத்துச் சமைக்கச் சொல்லும் முறை. இங்கே கவனம் வேண்டும். பலகையில் எழுதியிருக்கும் விலை ஒரு கிலோவுக்கு இல்லை. ஒரு ‘ஜின்’னுக்கு, அதாவது 500 கிராமுக்கு. எடை போடுவதற்கு முன்னால் பையில் இருக்கும் தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். தராசின் எண்ணைப் போனில் படம் எடுங்கள், விற்பவர் கண்ணெதிரிலேயே. வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு சமையல் கடைக்குப் போங்கள். ‘நீங்கள் போங்கள், நாங்கள் கொண்டுவருகிறோம்’ என்றால் சம்மதிக்க வேண்டாம். சமையல் கூலியும் ஜின் கணக்கில்தான், அதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். டாக்சி ஓட்டுநர் தானாக ஒரு மீன் உணவகத்தைச் சொன்னால் அங்கே போகாதீர்கள். விலையில் ஏமாற்றியதாகத் தோன்றினால் 12345 என்ற அரசுப் புகார் எண் இருக்கிறது; சான்யாவில் சுற்றுலாப் புகாரை அலட்சியம் செய்ய மாட்டார்கள். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 120.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கீரையைப் பன்றிக்கொழுப்பில் வதக்கியோ சிப்பிச் சாறு ஊற்றியோ கொண்டுவருவார்கள். அவர்கள் பார்வையில் அது இறைச்சி இல்லை. இறைச்சி, மீன், இறால், கோழிச்சாறு, சிப்பிச் சாறு, பன்றிக்கொழுப்பு எதுவும் வேண்டாம், தாவர எண்ணெயில் சமைக்கவும் என்று சீனத்தில் எழுதிய அட்டையை ஓட்டல் வரவேற்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பூண்டு போட்டு வதக்கிய கங்கூங் கீரை, சிறகவரை, கத்தரிக்காய், டோஃபு, வெள்ளைச் சோறு என்று கேட்டால் எளிய கடையிலும் கிடைக்கும். 108 மீட்டர் உயரக் குவான்யின் சிலை நிற்கும் நான்ஷான் வளாகத்தில் பௌத்த சைவ உணவகம் உண்டு. அங்கே மதியச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அந்த நாளைத் திட்டமிடலாம். ஹலால் உணவுக்குச் சான்யா விமான நிலையத்துக்கு அருகே உள்ள ஹுய்ஹுய், ஹுய்சின் கிராமங்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன், இன்றைய வியட்நாம் பகுதியில் இருந்த சாம்பா நாட்டிலிருந்து வந்தவர்களின் வழிவந்த முஸ்லிம்கள் அங்கே வாழ்கிறார்கள்.

மலைக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள்

என் மனதுக்கு ஹைனானில் மிக நெருக்கமான பகுதி இதுதான். சான்யாவிலிருந்து பேருந்தில் வடக்கே போனால் பாவோதிங், அதற்கும் மேலே வூச்சிஷான். தீவின் உயரமான சிகரம் 1,867 மீட்டர். இது லீ மக்களின் நிலம். ஹைனானின் மூத்த குடிகள் அவர்கள். மழைக்காடு 2021 முதல் தேசியப் பூங்கா. உலகிலேயே மிக அரிதான குரங்கினமான ஹைனான் கிப்பன் இந்தக் காடுகளில் சில டஜன் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அவை வாழும் உட்பகுதிக்குள் பயணிகளுக்கு அனுமதி இல்லை; கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

லீ பெண்களின் நெசவைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தறியின் ஒரு முனைக் கட்டையைப் பாதங்களால் உந்தி, மறுமுனையை இடுப்பில் கட்டியிருப்பார்கள். உடம்புதான் தறியின் சட்டம். முதுகைச் சற்றுச் சாய்த்தால் பாவு இறுகும், முன்னே வந்தால் தளரும். இந்த நெசவை யுனெஸ்கோ 2009-இல் அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கைநெசவுத் துணி விலை கூடுதலாகத்தான் இருக்கும், பேரத்தில் அடித்துக் குறைக்காதீர்கள். மூத்த பெண்கள் சிலரின் முகத்திலும் கையிலும் காலிலும் பழைய வழக்கப்படி பச்சை குத்தியிருக்கும். போனைத் தூக்குவதற்கு முன் கேளுங்கள். கையை அசைத்து மறுத்தால் விட்டுவிடுங்கள்.

காட்டுப் பாதையில் அட்டைப்பூச்சி உண்டு. நீளக் காலுறையும் கொசு மருந்தும் எடுத்துப்போங்கள். மலை ஊர்களில் சிறிய விடுதியில் தங்கினால், வெளிநாட்டவரைப் போலீஸில் பதிவு செய்வீர்களா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ஓட்டல்கள் இதைத் தாங்களாகவே செய்துவிடும். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும்.

சூறாவளி வந்தால்

எச்சரிக்கை நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறும். ஆரஞ்சு வருவதற்கு முன்பே முடிவெடுங்கள்: ஒன்று அன்றே கிளம்ப வேண்டும், இல்லையென்றால் உறுதியான கட்டடத்தில் தங்கி இரண்டு நாளுக்குத் தண்ணீர், உணவு, பவர்பேங்க் வைத்துக்கொள்ள வேண்டும். பலத்த சூறாவளி நெருங்கும்போது ரயில், விமானம், நிலப்பகுதிக்குப் போகும் கப்பல் மூன்றையும் நிறுத்திவிடுவார்கள். 2024 செப்டம்பர் 6 அன்று யாகி சூறாவளி வென்சாங்கில் கரை கடந்தபோது வடக்குப் பகுதியில் மின்சாரமும் தண்ணீரும் துண்டிக்கப்பட்டன. ஜன்னல் ஓரத்தில் நின்று அலையைப் படம் பிடிக்கும் வேலை வேண்டாம்.

கிளம்பும்போது

தீர்வையில்லாக் கடையில் வாங்கப் போகிறீர்கள் என்றால் பாஸ்போர்ட்டும் கிளம்பும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். பல பொருள்களைக் கடையில் தர மாட்டார்கள், விமான நிலையக் கவுண்டரில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகவே ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீர்வை இல்லை என்பதால் உங்கள் ஊர் விமான நிலையத்தில் சுங்கம் கேட்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஊர் வரம்பு தனி. பவளத்துண்டு, ராட்சதச் சிப்பி ஓட்டில் செய்த மணி, சிலை எதையும் வாங்காதீர்கள். அந்தச் சிப்பி வியாபாரத்தை ஹைனான் 2017 முதல் தடை செய்திருக்கிறது, இந்தியாவிலும் அது சட்டப்படி காக்கப்படும் உயிர். பரிசுக்குச் சிங்லோங் காப்பித்தூள், உலர்ந்த தேங்காய்ச் சீவல், மஞ்சள் மிளகாய் சாஸ் வாங்கலாம். சாஸ் காரம் அதிகம், பாட்டிலைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள்.